மூணு சீட்டு, மூணு பேரு: ஸ்கிசோஅஃபெக்டிவ் நோய் வந்த கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். அவசரமா இருக்கறவங்க சேவ் பண்ணி வச்சுட்டு ராத்திரி படிங்க.

போன வருஷம் ஓபியில ஒரு அம்மா வந்தாங்க. கூட இருபத்தாறு வயசுப் பையன். (ஊரு, வயசு, குடும்பம் எல்லாத்தையும் மாத்தித்தான் எழுதறேன்.) மஞ்சப்பையிலேர்ந்து மூணு சீட்டை எடுத்து மேஜையில வரிசையா வச்சாங்க. முதல் சீட்டுல பைபோலார். ரெண்டாவதுல ஸ்கிசோஃப்ரீனியா. மூணாவதுல ஸ்கிசோஅஃபெக்டிவ்.

"மூணு டாக்டரு மூணு பேரு எழுதிருக்காங்க சார். எம்புள்ளைக்கு ஒரு வியாதியா, மூணு வியாதியா? யாராச்சும் ஒருத்தரு தப்பாத்தான எழுதிருக்கணும்?"

நான் மனநல நிபுணர் இல்லை. வெறும் எம்.பி.பி.எஸ். எங்க ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வாரத்துல ஒரு நாள் வருவார். மத்த நாள்ல மாத்திரை தீர்ந்து வர்றவங்களுக்கு அதே மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுக்கறது எங்க வேலை. அந்த ரெண்டாவது சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் "அதே மாத்திரை தொடரவும்"னு எழுதி என் கையெழுத்து இருந்துச்சு.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு அந்தப் பையன் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தார். பேசல. குளிச்சு நாலு நாள் ஆச்சுன்னு அம்மா சொன்னாங்க. சரியா சாப்பிடறதும் இல்லையாம். நான் சீட்டைப் பார்த்தேன், ஸ்கிசோஃப்ரீனியான்னு இருந்துச்சு. இந்த நோய்ல முகம் உணர்ச்சி இல்லாம போறதும், பேச்சு குறையறதும், குளிக்கக்கூட மனசு இல்லாம கிடக்கறதும் பாடப்புத்தகத்துலயே இருக்கு. அதுதான் இதுன்னு நினைச்சுட்டேன். தூக்கம் எப்படி, அழுகை வருதா, வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதா... ஒரு கேள்வி கூட கேக்கல. வெளியில நூத்துச் சொச்சம் பேர் க்யூ. மூணு வாரம் கழிச்சு அவரை கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. உயிரை மாய்ச்சுக்கப் பார்த்திருக்கார். பிழைச்சுட்டார்.

அதுக்கப்புறம்தான் இந்த மூணு பேரும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல அந்தப் பையனோட ஒரு வருஷம். சுவத்துல மாட்டியிருந்த தினசரி காலண்டரை எடுத்து வச்சுக்கிட்டு அந்த அம்மாகிட்ட மாசம் மாசமா கேட்டேன்.

ஆடியில ஆரம்பிச்சிருக்கு. ராத்திரி ரெண்டு மணி நேரம் தூங்கினா அதிகம். ஆனா களைப்பே இல்லை. விடாம பேச்சு, கடன் வாங்கி ரெண்டு பழைய பைக், ஊருக்கே சாப்பாடு போடறேன்னு கிளம்பறது. சாமி தங்கிட்ட பேசுதுன்னு சொல்லியிருக்கார். இதைப் பார்த்த முதல் டாக்டர் பைபோலார்னு எழுதி லித்தியம் கொடுத்தார். தீபாவளி வாக்குல ஆள் அடங்கிட்டார். தூக்கம் வந்துச்சு, செலவு நின்னுச்சு.

ஆனா குரல் நிக்கல. கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் குதூகலமும் இல்லை, சோகமும் இல்லை. சாதாரணமா சாப்பிட்டுத் தூங்கறவர், பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் தன்னைப் பத்தியே பேசறாங்கன்னு காதை வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். டிவியில செய்தி வாசிக்கறவர் தனக்குச் சைகை காட்டறார்னு டிவியைத் திருப்பி வச்சிருக்கார். இந்த நேரத்துல பார்த்த ரெண்டாவது டாக்டர் ஸ்கிசோஃப்ரீனியான்னு எழுதினார். லித்தியம் நின்னு போச்சு.

தை பொறந்ததுலேர்ந்து சுருண்டுட்டார். குரல் அப்பவும் இருந்துச்சு, ஆனா இப்ப அது "நீ எதுக்கு உசுரோட இருக்க"ன்னு கேட்டுச்சு. நான் பார்த்தது இந்தக் கட்டத்துல. சித்திரை வரைக்கும் அப்படியே. கேஷுவாலிட்டிக்கு வந்தப்பத்தான் மனநல டாக்டர் எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்து மூணாவது பேரை எழுதினார்.

இப்ப நீங்களே சொல்லுங்க, யார் தப்பு? முதல் டாக்டர் ஆடியைப் பார்த்தார். ரெண்டாவது டாக்டர் மார்கழியைப் பார்த்தார். ரெண்டு பேரும் கண்ணால பார்த்ததைத்தான் எழுதினாங்க. நான் ஒருத்தன்தான் ஆளைப் பார்க்காம சீட்டைப் பார்த்தேன்.

வித்தியாசம் இந்தக் காலண்டர்லயே இருக்கு. பைபோலார்ல குரல் கேக்கலாம், இல்லாத உருவம் தெரியலாம். '3' படத்துல தனுஷ் பாத்திரத்துக்கு பைபோலார்னுதான் சொல்வாங்க, ஆனா இல்லாத உருவமும் தெரியும். அது மருத்துவரீதியா நடக்கக்கூடியதுதான். ஆனா அந்தக் குரல், பிரமை எல்லாம் மனநிலை உச்சத்துலயோ பள்ளத்துலயோ இருக்கறப்ப வந்து, மனநிலை சரியானதும் கூடவே போயிடணும். கடுமையான மனச்சோர்வுல வர்ற குரலுக்கும் அதே கணக்கு. மனச்சிதைவுங்கற ஸ்கிசோஃப்ரீனியாவுல குரலும் தவறான நம்பிக்கையும்தான் பிரதானம். நடுவுல சோகமோ பரபரப்போ வந்தாலும் மொத்த நோய்க் காலத்துல அது சின்னப் பகுதி. ஸ்கிசோஅஃபெக்டிவ்ல ரெண்டும் பெரிய பகுதி. மனநிலைக் கோளாறும் குரலும் சேர்ந்து வரும். அதோட, மனநிலை சமமா இருக்கற நேரத்துலயும் குரலோ பிரமையோ குறைஞ்சது ரெண்டு வாரம் தனியா ஓடியிருக்கணும். இது அமெரிக்க மனநல சங்கத்தோட டிஎஸ்எம் புத்தகம் சொல்ற கணக்கு. அந்தப் பையனோட கார்த்திகையும் மார்கழியும்தான் அந்த ரெண்டு வாரம்.

மூணுலயும் சேராம, ஒரு பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் திடீர்னு வந்து சில வாரத்துல முழுசா போயிடற மனநோயும் உண்டு. நம்ம ஊர்ல அது நிறையவே பார்க்கறோம். கஞ்சா, தைராய்டு, வலிப்பு, ஸ்டீராய்டு மாத்திரை இதெல்லாமும் இதே வேஷம் போடும். அதனாலதான் முதல் தடவை வர்றப்ப ரத்தப் பரிசோதனை எழுதறோம். "மனநோய்க்கு எதுக்கு சார் ரத்தம்"னு கோவிச்சுக்காதீங்க.

சரி, இந்த டப்பாக்களை யார் செஞ்சது?

எமில் கிரேப்பலின். ஜெர்மன்காரர். 1856ல பிறந்தவர், ஃப்ராய்டும் அதே வருஷம்தான். ஃப்ராய்டைத் தெரியாதவங்க கிடையாது, கிரேப்பலினை மருத்துவக் கல்லூரிக்கு வெளியில யாருக்கும் தெரியாது. ஆனா இன்னைக்கு எந்த ஊர் மனநலப் பிரிவு சீட்டை எடுத்துப் பார்த்தாலும் அதுல இருக்கறது கிரேப்பலினோட பாஷைதான்.

அவருக்கு முன்னாடி பைத்தியம்ங்கறது ஒரே ஒரு நோய், அதுதான் பல உருவம் எடுக்குதுன்னு பல டாக்டர்கள் நினைச்சாங்க. சிலர் அன்னைக்கு கண்ணுக்குத் தெரியற அறிகுறி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சு நூறு நோயாக்கினாங்க. 1891ல ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துக்குப் போன கிரேப்பலின் வேற வழியில போனார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. எப்ப ஆரம்பிச்சது, எப்படிப் போச்சு, கடைசியில என்ன ஆச்சு எல்லாம் சுருக்கமா அந்த அட்டையில. டிஸ்சார்ஜ் ஆனவங்களை வருஷக்கணக்கா விசாரிச்சு எழுதிக்கிட்டே வந்தார். அட்டைகளைக் குவியல் குவியலா பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தார்.

1899ல வந்த அவரோட பாடப்புத்தகத்தின் ஆறாம் பதிப்புல ரெண்டு பெரிய குவியல் நின்னுச்சு. ஒண்ணு விட்டு விட்டு வந்து, நடுவுல ஆள் பழையபடி ஆயிடறது. அதுக்குப் பேர் மேனிக் டிப்ரெசிவ் பைத்தியம். இன்னைக்கு பைபோலார்னு சொல்றதும், கடுமையான மனச்சோர்வும் அதுக்குள்ள அடக்கம். இன்னொண்ணு இளம் வயசுல வந்து மெல்ல மெல்ல அறிவையும் மனசையும் தின்னுட்டுப் போறது. அதுக்கு டிமென்ஷியா பிரிகாக்ஸ்னு பேர், அதாவது இளவயசு மறதி நோய் மாதிரி. (மறதி நோய்னதும் நினைவுக்கு வருது: ஆல்சைமர் அவர்கிட்ட வேலை பார்த்தவர். அந்த நோய்க்கு ஆல்சைமர் பேரை வச்சதே கிரேப்பலின்தான்.)

நோயைப் பேர் சொல்லிப் பிரிக்கறதுக்கு அவர் வச்ச அளவுகோல் முடிவு. ஒரு நாள் எப்படி இருக்கார்னு பார்க்காதே, பத்து வருஷத்துல எங்க போய் நிக்கறார்னு பாருங்கறார். இன்னைக்கும் நல்ல யோசனைதான். நான் காலண்டரைத் தேடி எடுத்தது அவர் வழியிலதான்.

ஆனா அதுல ஒரு பொறி இருக்கு. முதல் நாளே டிமென்ஷியா பிரிகாக்ஸ்னு எழுதிட்டா அதுக்கு அர்த்தம் "இவர் தேற மாட்டார்". தேறிட்டா? "அப்ப முதல்ல எழுதினது தப்பா இருக்கும்". இப்படி ஒரு கணக்குல பேர் எப்பவுமே தோக்காது, ஆள்தான் தோப்பார். கிரேப்பலினோட நோயாளிகள்லயே கொஞ்ச பேர் அந்தப் பேரோட நல்லாவும் ஆனாங்க.

அவருக்கே இது உறுத்தியிருக்கு. 1920ல, சாகறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, ஒரு கட்டுரை எழுதினார். நிறைய நோயாளிகளை இந்த ரெண்டு குவியல்ல எதுலன்னு நம்பிக்கையோட போட முடியல, நம்ம கேள்வி கேக்கற முறையிலேயே கோளாறு இருக்கலாம்னு ஒத்துக்கிட்டார். இருபது வருஷம் உலகமே தன் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறப்ப அந்தக் கோட்டைப் போட்டவரே இப்படி எழுதறதுக்கு ஒரு மனசு வேணும். ஆனா டாக்டர்கள் கோட்டை ஞாபகம் வச்சுக்கிட்டாங்க, 1920 கட்டுரையை மறந்துட்டாங்க.

இடையில 1908ல சூரிச்சைச் சேர்ந்த ஆய்கன் ப்ளாய்லர் டிமென்ஷியா பிரிகாக்ஸ்ங்கற பேரை மாத்தி ஸ்கிசோஃப்ரீனியான்னு வச்சார். எல்லாருக்கும் இளவயசுல வரல, எல்லாருக்கும் அறிவு மங்கிப் போகல, அப்புறம் எதுக்கு அந்தப் பேர்னு கேட்டார். ஸ்கிசோன்னா கிரேக்கத்துல பிளக்கறது. எண்ணமும் உணர்ச்சியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பிரிஞ்சு போறதைச் சொன்னார். ஒரு ஆளுக்குள்ள ரெண்டு மூணு ஆள் இருக்கறதை இல்லை. 'அந்நியன்' படத்துல காட்டறது வேற கோளாறு. இதை நான் வருஷத்துக்கு பத்து தடவையாவது சொல்றேன்.

இப்ப 1933. இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டு விஷயம் நடந்துச்சு.

ஜேக்கப் கசானின்னு ஒரு டாக்டர். ரஷ்யாவுல பிறந்து அமெரிக்கா போனவர். அமெரிக்க மனநல மருத்துவ இதழ்ல அந்த வருஷம் ஒரு கட்டுரை போட்டார். மொத்தம் ஒன்பதே ஒன்பது நோயாளிகள். எல்லாரும் இளவயசு. நோய் வர்றதுக்கு முன்னாடி நல்லா வேலை பார்த்து, நாலு பேரோட பழகி இருந்தவங்க. வாழ்க்கையில ஒரு கஷ்டமான சூழ்நிலைக்குப் பின்னால திடீர்னு பயங்கரமான உணர்ச்சிக் கொந்தளிப்பு, கூடவே பிரமை. சீட்டுல டிமென்ஷியா பிரிகாக்ஸ்னு எழுதியாச்சு. ஆனா சில வாரம், சில மாசத்துல குணமாகி வேலைக்குத் திரும்பிட்டாங்க. கிரேப்பலினோட எந்த டப்பாலயும் இவங்க அடங்கலன்னு சொல்லி, ஸ்கிசோ, அஃபெக்டிவ் ரெண்டு வார்த்தையையும் ஒட்டி "ஸ்கிசோஅஃபெக்டிவ்"ங்கற பேரை வச்சார். அஃபெக்ட்னா இங்க உணர்ச்சி, மனநிலை.

வேடிக்கை என்னன்னா, இன்னைக்கு இருக்கற விதிப்படி பார்த்தா அந்த ஒன்பது பேருக்கும் ஸ்கிசோஅஃபெக்டிவ்னு எழுத முடியாதுன்னுதான் பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. மனநிலை நோயோ, திடீர்னு வந்து போற மனநோயோன்னு எழுதுவோம். பேர் தங்கிடுச்சு, அதுக்குள்ள இருந்த ஆட்கள் மாறிட்டாங்க. ஆனா கசானின் சொல்ல வந்த செய்தி ஒண்ணுதான்: இவங்க தேறுவாங்க, தேற மாட்டாங்கன்னு எழுதாதீங்க.

அதே 1933, ஜூலை 14. ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டுச்சு. பரம்பரை நோய் இருக்கறவங்க குழந்தை பெத்துக்கக் கூடாதுன்னு கட்டாயக் கருத்தடை. பட்டியல்ல ஸ்கிசோஃப்ரீனியா இருந்துச்சு. மேனிக் டிப்ரெசிவ் நோயும் இருந்துச்சு. கிரேப்பலினோட ரெண்டு டப்பாவும். அந்தச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதினவங்கள்ல ஒருத்தர் எர்ன்ஸ்ட் ரூடின், கிரேப்பலின் ம்யூனிக்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிறுவனத்துல பரம்பரை ஆய்வுப் பிரிவை நடத்தினவர், பின்னாடி அதுக்குத் தலைவரானவர். கிரேப்பலின் 1926லயே செத்துட்டார், அவரைக் கொலைகாரர்னு சொல்ல முடியாது. ஆனா இனம் சீரழியுதுங்கற பேச்சு அவர் எழுத்துலயே நிறைய உண்டு. அதை மறைச்சு எழுதறது நியாயம் இல்லை.

சுமார் 4 லட்சம் பேருக்குக் கத்தி வச்சாங்க. 1940, 1941ல மனநல ஆஸ்பத்திரிகள்லேர்ந்து பஸ்ல ஏத்திட்டுப் போய் 70,000 பேருக்கு மேல விஷவாயுவுல கொன்னாங்க. யார் சாகணும்னு முடிவு பண்ணது டாக்டருங்க. பல சமயம் நோயாளியை நேர்ல பார்க்காமலேயே, படிவத்தை மட்டும் பார்த்து. அதுல நோயோட பேர் ஒரு கட்டம்.

இதைப் படிச்ச அன்னைக்கு என் கையெழுத்து இருந்த அந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டையும் சமமா வைக்கல. ஆனாலும் வந்துச்சு.

மருந்துக் கதைக்கு வருவோம். ஜான் கேட், ஆஸ்திரேலியா டாக்டர். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்க பிடிச்சு சிங்கப்பூர் சாங்கி சிறையில மூணு வருஷத்துக்கு மேல வச்சிருந்தாங்க. ஊர் திரும்பி மெல்போர்ன் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டு ஆராய்ச்சி பண்ணார். வேற எதையோ தேடிப் போனவர், லித்தியம் உப்பு போட்டா அதுங்க சாதுவா படுத்துக்கறதைப் பார்த்தார். முதல்ல தானே சாப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் அஞ்சு வருஷமா உச்ச மனநிலையிலேயே இருந்த 51 வயசுக்காரர் ஒருத்தருக்குக் கொடுத்தார். சில மாசத்துல அவர் வீட்டுக்கே போயிட்டார். 1949ல கேட் இதைக் கட்டுரையா போட்டார். பத்து பேர் மேனியா, ஆறு பேர் டிமென்ஷியா பிரிகாக்ஸ், மூணு பேர் மனச்சோர்வு. மேனியாக்காரங்க எல்லாருக்கும் பலன் தெரிஞ்சுது. டிமென்ஷியா பிரிகாக்ஸ்காரங்க கொஞ்சம் அமைதியானாங்க, ஆனா அடிப்படை நோய் அசையல.

அந்த முதல் நோயாளி பின்னாடி மாத்திரையை விட்டு, நோய் திரும்ப வந்து, மறுபடி கொடுத்தப்ப லித்தியம் நஞ்சாகி 1950ல இறந்தார். லித்தியத்துக்கு ரத்தத்துல அளவு பார்க்கணும்ங்கற பாடம் இப்படித்தான் வந்துச்சு.

1952ல பாரிஸ்ல டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமசின் கொடுத்துக் குரல்களை அடக்கிக் காட்டினாங்க. இப்ப ரெண்டு டப்பாவுக்கும் ரெண்டு மருந்து ஆச்சு. அதுவரைக்கும் எந்தப் பேர் எழுதினாலும் கிடைக்கிற வைத்தியம் ஏறக்குறைய ஒண்ணுதான். இனிமே அப்படி இல்லை. பேர் மாறினா மாத்திரை மாறும்.

அதே 1952ல அமெரிக்காவோட முதல் டிஎஸ்எம் வந்துச்சு. கசானினோட பேரை எடுத்துக்கிட்டாங்க, ஆனா ஸ்கிசோஃப்ரீனியாவுக்குள்ள ஒரு கிளையா சொருகிட்டாங்க. "இவங்க அவங்க இல்ல"ன்னு சொல்லத்தான் அவர் அந்தப் பேரையே வச்சார்! 1968ல வந்த ரெண்டாம் பதிப்புலயும் அதே கதை. அந்தக் காலத்து அமெரிக்காவுல ஸ்கிசோஃப்ரீனியா ஒரு பெரிய கோணிப்பை. கொஞ்சம் விசித்திரமா பேசினா உள்ள போட்டுடுவாங்க. லித்தியத்துக்கு அங்க அரசு அனுமதி கிடைச்சதே 1970லதான்.

கோணிப்பை எவ்வளவு பெருசுன்னு அளந்து பார்த்தவங்க உண்டு. நியூயார்க் ஆஸ்பத்திரிகள்ல ஸ்கிசோஃப்ரீனியா ஏன் இவ்வளவு அதிகம், லண்டன்ல மேனிக் டிப்ரெசிவ் ஏன் அதிகம்னு ஒரு கேள்வி. அமெரிக்கா, பிரிட்டன் டாக்டர்கள் சேர்ந்த ஒரு குழு ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி கேள்விப் பட்டியலை வச்சு நோயாளிகளைப் பார்த்தாங்க. 1972ல முடிவு வந்துச்சு. வித்தியாசத்துல பெரும்பகுதி மறைஞ்சு போச்சு. வித்தியாசம் நோயாளிகள்கிட்ட இருந்ததை விட டாக்டர்கள்கிட்டதான் இருந்துச்சு.

ராபர்ட் கெண்டல் குழு இன்னும் ஒரு படி மேல போச்சு. சில நோயாளிகளோட பேட்டியை வீடியோ எடுத்து ரெண்டு நாட்டு மனநல டாக்டர்களுக்கும் போட்டுக் காட்டினாங்க. அதுல ஒருத்தரை அமெரிக்க டாக்டர்கள்ல 69 சதவீதம் பேர் ஸ்கிசோஃப்ரீனியான்னாங்க. பிரிட்டிஷ் டாக்டர்கள்ல 2 சதவீதம். ஒரே ஆள், ஒரே வீடியோ. அட்லாண்டிக்கைத் தாண்டினா நோய் மாறுது. நம்ம அம்மாவோட மூணு சீட்டு எந்த மூலைக்கு!

அதே கெண்டல் இன்னொரு வேலையும் பண்ணார். ரெண்டும் நிஜமாவே தனித்தனி நோய்னா நடுவுல ஆள் குறைச்சலா இருக்கணும் இல்லையா? உயரத்தை வச்சுச் சொன்னா, குள்ளமா ஒரு கூட்டம், உயரமா ஒரு கூட்டம், நடுவுல காலி. அந்தக் காலி இடத்தைத் தேடினார். 1980ல ப்ராக்கிங்டனோட சேர்ந்து எழுதின கட்டுரையிலயும் அது கிடைக்கல. நடுவுல நிறைய பேர் இருந்தாங்க.

1980ல டிஎஸ்எம் மூணாம் பதிப்பு. எல்லா நோய்க்கும் இத்தனை அறிகுறி, இத்தனை நாள்னு கறாரா விதி போட்ட புத்தகம். ஸ்கிசோஅஃபெக்டிவுக்கு மட்டும் விதி போடாம விட்டுட்டாங்க. எப்படி எழுதறதுன்னு குழுவால ஒத்துப் போக முடியல. அந்த ரெண்டு வாரக் கணக்கு 1987ல திருத்தின பதிப்புலதான் வந்துச்சு. 2013ல வந்த அஞ்சாம் பதிப்பு இன்னும் இறுக்கி, மனநிலைக் கோளாறு மொத்த நோய்க் காலத்துல பாதிக்கு மேல இருக்கணும்னு சொல்லிடுச்சு. காரணம், டாக்டர்கள் முடிவுக்கு வர முடியாதப்பல்லாம் இந்தப் பேரை எழுதிட்டிருந்தாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி வேற வழி: ரெண்டு வகை அறிகுறியும் ஒரே சமயத்துல, இல்லன்னா சில நாள் இடைவெளியில சேர்ந்து வரணும்ங்குது. அதனால ஒரே ஆளுக்கு ரெண்டு புத்தகமும் ரெண்டு பேர் சொல்ல வாய்ப்பு இன்னைக்கும் இருக்கு.

2009ல ஸ்வீடன்ல 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களோட பதிவுகளை வச்சு ஒரு ஆய்வு. ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவரோட ரத்த சொந்தத்துல பைபோலாரும் அதிகமா இருந்துச்சு; மறுபக்கமும் அப்படியே. பரம்பரைக் காரணங்கள்ல ஒரு பெரிய பங்கு ரெண்டுக்கும் பொது. அதுக்காக ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிடாது, லித்தியம் ரெண்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யறதில்லையே. என் சொந்த அபிப்பிராயம், கிரேப்பலின் போட்ட கோடு வயல் வரப்பு மாதிரி. நடக்கறதுக்கு உதவும். தண்ணி அதுக்குக் கட்டுப்பட்டு நிக்காது.

முடிவை வச்சு நோயைப் பார்க்கறதுல நம்ம சென்னைக்கும் ஒரு இடம் உண்டு. 1981லேர்ந்து சென்னையில முதல் தடவையா ஸ்கிசோஃப்ரீனியா வந்த 90 பேரைச் சேர்த்து வருஷக்கணக்கா, பத்து வருஷம் தாண்டியும் பின்தொடர்ந்தாங்க. டாக்டர் சாரதா மேனன் 1984ல ஆரம்பிச்ச ஸ்கார்ஃப் நிறுவனம் அதைத் தொடர்ந்து நடத்துச்சு. இடைவிடாம நோயோடவே இருந்தவங்க சிறுபான்மைதான். கிரேப்பலின் பயந்த அந்த முடிவு எல்லாருக்கும் எழுதப்பட்டது இல்லை.

அந்த அம்மாகிட்ட இவ்வளவும் சொல்லல. "ஒரே வியாதிதான்மா. யானையை மூணு பேரு மூணு பக்கம் தொட்டுப் பார்த்தாங்க. இப்பத்தான் முழுசா பார்த்திருக்கோம்"னேன். ரெண்டாவது சீட்டு பின்னாடி இருக்கறது என் கையெழுத்துன்னும் சொன்னேன். சொல்லாம இருக்க முடியல. அவங்க கொஞ்ச நேரம் அதையே பார்த்தாங்க. "அன்னைக்கு கூட்டம் ஜாஸ்தி சார்"னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப அவருக்கு குரலுக்கு ஒரு மாத்திரை, மனநிலைக்கு லித்தியம், ரெண்டும் போகுது. ஸ்கிசோஅஃபெக்டிவுக்குப் பொதுவா ரெண்டு பக்கமும் மருந்து வேணும். எது, எவ்வளவுன்னு மனநல டாக்டர் முடிவு பண்ணுவார். இந்தப் பேருக்குன்னே அமெரிக்காவுல முதல் மருந்துக்கு அனுமதி கிடைச்சது 2009ல, பாலிபெரிடோன். நாம பெரும்பாலும் பழைய மருந்துகளையே சேர்த்துக் கொடுக்கறோம், அதுவும் வேலை செய்யுது.

வீட்டுல யாருக்காவது லித்தியம் போகுதுன்னா: கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் கொடுங்க, காலையில மாத்திரை போட்டுட்டு லேபுக்கு ஓடாதீங்க. கோடையில தண்ணி குறையக் கூடாது. வாந்தி பேதின்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மெடிக்கல்ல வலி மாத்திரை நீங்களா வாங்கிப் போடாதீங்க, லித்தியம் அளவு ஏறிடும். கை நடுக்கம் திடீர்னு அதிகமானா, நடை தள்ளாடினா, பேச்சு குழறினா உடனே கிளம்பி வாங்க. வால்ப்ரோயேட் போடற பெண்கள், கர்ப்பத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசணும். கருவுல இருக்கற குழந்தைக்கு அது ஆபத்து.

அப்புறம் பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. புது டாக்டர் என்ன நினைப்பாரோன்னு பழைய பேரை மறைக்காதீங்க. மூணு சீட்டு இருந்தா மூணையும் கொண்டு வாங்க. கூடவே ஒரு காகிதத்துல எந்த மாசம் தூக்கம் போச்சு, எந்த மாசம் குரல், எந்த மாசம் அழுகைன்னு எழுதிட்டு வாங்க. ஆடி, தைன்னு எழுதினா போதும், எங்களுக்குப் புரியும். ஆள் திடீர்னு மந்தமாயிட்டா "நோய் அப்படித்தான்"னு விட்டுடாதீங்க, சாகணும்னு தோணுதான்னு வாயைத் திறந்து கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ராத்திரி நேரத்துல யாரும் கிடைக்கலன்னா 14416, டெலி மானஸ், அரசு இலவச எண், தமிழ்லயே பேசலாம்.

அந்தப் பையன் போன மாசம் தனியா வந்தார், அம்மா இல்லாம. லித்தியம் ரிப்போர்ட் 0.7. பரவால்லயே, நல்ல அளவுதான்னேன். குரல் இன்னும் லேசா கேக்குதாம், டிவி சத்தத்தைக் கூட்டி வச்சா தெரியலையாம். ஒரு ஒர்க்‌ஷாப்புல வேலைக்குச் சேர்ந்திருக்கார். சீட்டை வாங்கிட்டுக் கதவு வரைக்கும் போனவர் திரும்பி, "சார், எத்தனை வருஷம் சாப்பிடணும்?"னு கேட்டார். அடுத்த வாரம் மனநல டாக்டர் வர்ற கிழமையில வாங்க, அவர்கிட்ட சேர்ந்தே கேப்போம்னு சொல்லி அனுப்பினேன்.